கரி பூசிய இரும்பு

இன்வெர்ட்டர் கடையில் இப்போதெல்லாம் முதல் கேள்வியே, "ட்யூபுலர் போதுமா, இல்ல லித்தியம் பாக்கறீங்களா?" என்பதுதான். லித்தியம் என்றால் விலை கூட. ஏன் என்று கேட்டால் கடைக்காரர் பெட்டியைத் திருப்பி, பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் தாளைக் காட்டுவார். எல்எஃப்பி என்று மூன்று எழுத்து. "தண்ணி ஊத்த வேணாம் சார், பல வருஷம் உழைக்கும், சட்டுனு தீப்பிடிக்காது." மின்சார ஆட்டோ விற்பவரும் அதே மூன்று எழுத்தைத்தான் சொல்கிறார். சீனாவில் விற்கும் மின்சாரக் கார்களில் பெரும்பாலானவற்றின் அடியில் கிடப்பதும் அதுவே.

எல்எஃப்பி என்பது லித்தியம் இரும்பு பாஸ்பேட். துருப்பிடித்த கம்பியில் இருக்கிற இரும்பு, உர மூட்டையில் இருக்கிற பாஸ்பேட், கூடவே கொஞ்சம் லித்தியம். இதை முதன்முதலில் பேட்டரிக்கென்று சோதித்தவர்களே, குறைந்த சக்தி போதும் என்கிற வேலைகளுக்கு இது நல்ல பொருள் என்றுதான் எழுதினார்கள். அது 1997. 2024-இல் உலகம் முழுக்க மின்வாகனங்களில் ஏறிய பேட்டரிகளில் கிட்டத்தட்டப் பாதி இந்த இரும்பு வகை. நடுவில் யாரும் அதிசயத் தனிமம் எதையும் கண்டுபிடித்துச் சேர்க்கவில்லை. பொடியை இன்னும் நுணுக்கினார்கள், மேலே கரி பூசினார்கள். பெரும்பகுதி வேலை அவ்வளவுதான்.

நானோ என்கிற சொல்லை விளம்பரக்காரர்கள் தேய்த்தே தீர்த்துவிட்டார்கள். அது மெய்யாகவே வேலை செய்த இடம் ஒன்றைப் பொறுமையாகப் பார்க்கலாம். ஒரு டீ போதாது, இன்னொன்று சொல்லிக்கொள்ளலாம்.

இரண்டு தாள், நடுவே ஒரு திரவம்

லித்தியம் செல் ஒன்றின் உள்ளே நீளமான இரண்டு உலோகத் தாள்கள் சுருட்டியோ அடுக்கியோ வைக்கப்பட்டிருக்கும். அலுமினியத் தாளின் மேல் பூசிய கறுப்புப் பொடி நேர்முனை. செம்புத் தாளின் மேல் பூசிய கிராஃபைட் எதிர்முனை. இரண்டும் தொட்டுக்கொள்ளாமல் இருக்க நடுவே நுண்துளைகள் கொண்ட மெல்லிய பிளாஸ்டிக் தாள். எல்லாம் ஒரு திரவத்தில் ஊறிக் கிடக்கும். அந்தத் திரவம் எளிதில் தீப்பற்றக்கூடியது. இதைப் பிறகு பேசுவோம்.

சார்ஜ் ஏற்றும்போது நேர்முனைப் பொடிக்குள் இருக்கும் லித்தியம் அயனியாகக் கிளம்பி, திரவத்தின் வழியே போய், கிராஃபைட் அடுக்குகளுக்கு நடுவே உட்காரும். அது விட்டுப்போன எலக்ட்ரானால் திரவத்துக்குள் இறங்க முடியாது. வெளியே கம்பியில் சுற்றிக்கொண்டு அதே கிராஃபைட்டுக்கு வந்து சேரும். பேட்டரியைப் பயன்படுத்தும்போது இரண்டும் வந்த வழியே திரும்பும். எலக்ட்ரான் திரும்புகிற வழியில்தான் நம் மின்விசிறி சுற்றுகிறது.

ஆக, அந்தக் கறுப்புப் பொடி லித்தியம் அயனிக்கும் வழிவிட வேண்டும், எலக்ட்ரானுக்கும் வழிவிட வேண்டும். ஒன்று முடங்கினால் மற்றதும் நின்றுபோகும். இனி வரும் கதையெல்லாம் இந்த இரண்டு வழிகளைப் பற்றியதுதான்.

முதலில் இந்த வேலைக்கு வந்தது கோபால்ட். 1980-இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஜான் குடினஃபும் கொய்ச்சி மிசுஷிமாவும் லித்தியம் கோபால்ட் ஆக்சைடு அருமையான நேர்முனை என்று காட்டினார்கள். 1991-இல் சோனி அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. கைப்பேசியும் மடிக்கணினியும் நம் கைக்கு வந்தது அதன் புண்ணியத்தில்தான். ஆனால் கோபால்ட் எளிதில் கிடைக்கிற சரக்கு இல்லை. உலகச் சுரங்கங்களிலிருந்து வருவதில் சுமார் 70 சதவீதம் காங்கோ ஜனநாயகக் குடியரசு என்கிற ஒரே நாட்டிலிருந்து வருகிறது. சட்டைப்பையில் வைக்கும் கைப்பேசிக்குச் சில கிராம் போதும், வாங்கிவிடலாம். காருக்குக் கிலோ கணக்கில் வேண்டும். காற்றாலைக்குப் பக்கத்தில் கிடங்கு கிடங்காக அடுக்க வேண்டுமென்றால் கட்டுப்படியாகாது.

இன்னொரு தொல்லையும் உண்டு. கோபால்ட், நிக்கல் ஆக்சைடுகள் அளவுக்கு மீறிச் சூடானால் தங்களிடம் இருக்கும் ஆக்சிஜனையே வெளியே விடும். பக்கத்திலேயே தீப்பற்றும் திரவம். வெளிக்காற்றே தேவையில்லாமல் உள்ளேயே நெருப்பு பிடிக்கும். மணலைக் கொட்டி மூடினாலும் அடங்காத பேட்டரித் தீ இப்படித்தான் உருவாகிறது.

இரும்பிடம் என்ன குறை?

"அப்ப இரும்பையே போட்டிருக்கலாமே சார்?" என்று கேட்டார் எங்கள் பகுதியில் சோலார் பலகை மாட்டும் தம்பி. டீக்கடையில் என்னோடு உட்காருவார், கேள்வி கேட்பதில் கெட்டிக்காரர். அவருக்கு முன்பே விஞ்ஞானிகள் அதைத்தான் கேட்டார்கள். இரும்புக்கு விலையும் இல்லை, நஞ்சும் இல்லை, பஞ்சமும் இல்லை. ஆனால் இரும்பு ஆக்சைடை நேர்முனையாக வைத்தால் மின்னழுத்தம் 2.5 வோல்ட்டுக்குக் கீழேதான் நிற்கும். கோபால்ட் 4 வோல்ட்டை ஒட்டி வேலை செய்யும்போது இரும்பின் பக்கம் யார் திரும்புவார்கள்?

திரும்பியவர்களில் ஒருவர் தமிழர். ஆறுமுகம் மந்திரம். தென் தமிழகத்துக் கிராமத்தில் பிறந்து, மதுரைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்து, 1981-இல் சென்னை ஐஐடியில் முனைவர் பட்டம் வாங்கியவர். ஆக்ஸ்ஃபோர்டில் குடினஃபிடம் ஆய்வுக்குச் சேர்ந்து, 1986-இல் அவரோடு அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்துக்குப் போனார். இருவரும் 1987-லும் 1989-லும் வெளியிட்ட ஆய்வுகளில் செய்து பார்த்த காரியம், கேட்பதற்குச் சின்னதாகத்தான் இருக்கும். இரும்பைத் தனி ஆக்சிஜனோடு வைக்காமல், மாலிப்டேட், டங்ஸ்டேட், சல்பேட் என்று கூட்டமாக இருக்கும் அயனிகளோடு சேர்த்து வைத்துப் பார்த்தார்கள். முதல் இரண்டிலும் மின்னழுத்தம் 3 வோல்ட்டுக்கு ஏறியது. சல்பேட்டில் 3.6 வோல்ட்.

"ஒரே இரும்புதானே சார், பக்கத்துல எது உக்காந்தா என்ன?" என்றார் தம்பி.

வேதியியலே அங்கேதான் இருக்கிறது, தம்பி. ஆக்சிஜன் தன் எலக்ட்ரான்களை இரும்போடும் பகிர்கிறது, மறுபக்கம் சல்பேட்டில் இருக்கும் கந்தகத்தோடும் பகிர்கிறது. கந்தகத்தோடு பிணைப்பு மிக இறுக்கமாக இருந்தால், இரும்போடு உள்ள பிணைப்பு அந்த அளவுக்குத் தளரும். தளர்ந்ததும் இரும்பின் எலக்ட்ரான் உட்காரும் ஆற்றல் படி கீழே இறங்கும். எலக்ட்ரான் எவ்வளவு உயரத்திலிருந்து அந்தப் படிக்கு விழுகிறதோ அதுதான் நமக்குக் கிடைக்கும் வோல்ட். படி தாழ்ந்தால் விழும் உயரம் கூடும், வோல்ட்டும் கூடும். இரும்பை மாற்றாமல், அதன் பக்கத்தில் இருப்பதை மாற்றியே மின்னழுத்தத்தை ஏற்ற முடியும் என்பது அன்று தெரிந்தது. 2019-இல் குடினஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ மூவருக்கும் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தபோது, 97 வயது குடினஃபின் சார்பில் ஸ்டாக்ஹோமில் நோபல் உரை நிகழ்த்தியவர் மந்திரம்தான்.

சல்பேட்டில் ஒரு சிக்கல் மிச்சம் இருந்தது. அதற்குள் லித்தியமே கிடையாது. எதிரே இருக்கும் கிராஃபைட்டிலும் கிடையாது. செல்லைக் கட்டும்போதே லித்தியம் நேர்முனைப் பொடிக்குள் இருந்தாக வேண்டும். அந்தத் தேடலில்தான் அதே டெக்சாஸ் ஆய்வகத்தில் அக்ஷய பாதி, நஞ்சுண்டசுவாமி ஆகிய இரு இந்தியர்களும் குடினஃபும் 1997-இல் லித்தியம் இரும்பு பாஸ்பேட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். பாஸ்பரஸும் ஆக்சிஜனும் உடும்புப் பிடியாகப் பிடித்துக்கொண்டிருப்பதால் மின்னழுத்தமும் போதிய அளவு கிடைத்தது. எவ்வளவு சூடானாலும் ஆக்சிஜன் லேசில் கழன்று வருவதில்லை என்பது கூடுதல் லாபம். வேடிக்கை என்னவென்றால், டிரிஃபிலைட் என்கிற பெயரில் இந்தப் பொருள் 19-ஆம் நூற்றாண்டிலிருந்தே கனிமவியல் நூல்களில் இருக்கிறது. பாறையில் கிடந்ததைப் பேட்டரிக்கு எடுத்துவர அத்தனை காலம் ஆகியிருக்கிறது.

நோய் இரண்டு

எடுத்துவந்தும் என்ன, பொடி சோம்பேறியாக இருந்தது. கணக்குப்படி ஒரு கிராமுக்கு 170 மில்லிஆம்பியர்-மணி மின்னூட்டம் கொள்ள வேண்டும். கையில் கிடைத்தது அதில் ஏறத்தாழ 60 சதவீதம்தான், அதுவும் மிக மெதுவாக ஏற்றி இறக்கினால்.

முதல் நோய், எலக்ட்ரானுக்கு வழி இல்லை. லித்தியம் இரும்பு பாஸ்பேட் மின்சாரத்தைக் கடத்துவதில் கோபால்ட் ஆக்சைடைவிட ஏறத்தாழப் பத்து லட்சம் மடங்கு மட்டம். கிட்டத்தட்டக் காப்புப் பொருள் என்றே சொல்லிவிடலாம்.

இரண்டாவது நோய், லித்தியத்துக்கு இருக்கும் வழி குறுகலானது. கோபால்ட் ஆக்சைடு அடுக்கடுக்கான படிகம். லித்தியம் ஒரு அடுக்கின் பரப்பு முழுக்க எந்தப் பக்கமும் போகலாம், தடை வந்தால் சுற்றிக்கொண்டு போகலாம். பாஸ்பேட் படிகத்தில் அது முடியாது. பழைய அக்ரகாரத்துச் சந்து மாதிரி, ஒரே திசையில் ஓடும் ஒற்றை வழி. பக்கத்துச் சந்துக்குத் தாவ முடியாது. படிகம் உருவாகும்போது லித்தியத்தின் இடத்தில் தவறுதலாக ஓர் இரும்பு அணு உட்கார்ந்துவிடுவது உண்டு. சந்தின் நடுவே மாட்டுவண்டியை நிறுத்திவிட்டுப் போன கதைதான். நீளமான சந்தில் இப்படி இரண்டு வண்டி நின்றால், நடுவில் மாட்டியவர்கள் அங்கேயே கிடக்க வேண்டியதுதான். கணினிக் கணக்குகள் சொல்லிவந்த இந்த ஒற்றை வழியை 2008-இல் ஜப்பானில் அட்சுவோ யமாடாவின் குழு நியூட்ரான் கதிர்களைக் கொண்டு நேரடியாகவே பார்த்துவிட்டது.

மருந்தும் இரண்டு

எலக்ட்ரான் நோய்க்கு மருந்து 1999 வாக்கில் கனடாவிலிருந்து வந்தது. மிஷெல் அர்மான், நதாலி ராவே முதலானோர் ஹைட்ரோ-கியூபெக் மின்வாரியத்தோடு சேர்ந்து செய்த வேலை அது. பொடியின் ஒவ்வொரு மணியின் மேலும் கரி பூசினார்கள். செய்முறை சமையலறைக்குப் பக்கத்தில் வரும். பொடியோடு சர்க்கரை போன்ற ஒரு கரிமப் பொருளைக் கலந்து, காற்றுப் படாமல், நைட்ரஜன் நிறைந்த உலையில் 700 டிகிரி வாக்கில் சூடாக்க வேண்டும். சர்க்கரையில் இருக்கும் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் ஆவியாகப் போய்விட, மணியைச் சுற்றிச் சில நானோமீட்டர் தடிமனில் கரி மிஞ்சும். மொத்த எடையில் ஓரிரு சதவீதம்தான். அந்தக் கரித்தோல் மின்சாரத்தைக் கடத்தும். எலக்ட்ரான் இனி மணியின் உள்ளிருந்து தோலுக்கு வந்தால் போதும், அங்கிருந்து கரி வழியாகவே அலுமினியத் தாள்வரை ஓடிவிடும். இதே கரி இன்னும் இரண்டு வேலை செய்கிறது. உலையில் மணிகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெருக்காமல் தடுக்கிறது. இரும்பு துரு நிலைக்குப் போய்விடாமலும் காக்கிறது.

லித்தியம் நோய்க்கு மருந்து, மணியைச் சின்னதாக்குவது. அயனிகள் பொருளுக்குள் ஊர்ந்து போகும் நேரம், தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஒரு மைக்ரான் மணியை 100 நானோமீட்டர் ஆக்கினால், அதாவது மில்லிமீட்டரைப் பத்தாயிரம் கூறு போட்டு அதில் ஒரு கூறாக்கினால், தூரம் பத்தில் ஒன்றாகும், நேரம் நூறில் ஒன்றாகும். வண்டி வழிமறிக்கும் சிக்கலும் கூடவே தீர்கிறது. சந்தே குட்டையாகிவிட்டால் அதில் இரண்டு தடைகள் விழும் வாய்ப்பு குறைவு. ஒன்று விழுந்தாலும் மறுமுனை வழியாக வெளியேறிவிடலாம். 2010-இல் எம்ஐடி ஆய்வாளர்கள் இதைக் கணக்குப் போட்டே காட்டினார்கள். பெரிய மணியில் ஊமையாகக் கிடந்த அதே பொருள், சின்ன மணியில் ஓடத் தொடங்குகிறது. வேதிப்பொருளின் சேர்மானத்தில் ஒரு அணுகூட மாறவில்லை. மாறியது அளவு மட்டுமே.

"கிரைண்டர்ல போட்டு அரைச்சா ஆச்சா சார்?"

ஏறத்தாழ அதுதான். ஆலைகளில் கடினமான சின்னக் குண்டுகளோடு சேர்த்துத்தான் பொடியை அரைக்கிறார்கள். ஆனால் அரைப்பதோடு முடிவதில்லை. நுணுங்கிய பொடிக்கு மேற்பரப்பு கூடிவிடும், ஈரத்தை இழுக்கும். காற்றோட்டமாக உப்பி நிற்கும். அதே பெட்டிக்குள் முன்னைவிடக் குறைந்த எடைதான் அடையும். உப்பிய பொடியைத் தாளில் பூசி அழுத்தினால் பெயர்ந்து வரும். இதற்காக நானோ மணிகளைத் திரட்டிச் சில மைக்ரான் அளவு உருண்டைகளாக்கி, பெரிய மணியும் சின்ன மணியும் விகிதம் பார்த்துக் கலந்து, இடைவெளி இல்லாமல் அழுத்துகிறார்கள். சீனத் தொழிற்சாலைகள் கடந்த சில ஆண்டுகளாகப் போட்டி போடுவது இந்த அடர்த்திக்காகத்தான். ஆய்வுக்கட்டுரைத் தலைப்பில் பளிச்சென்று தெரியாத வேலை. ஆனால் காரின் ஓட்டத் தூரத்தைத் தீர்மானிக்கிற வேலை.

பலன் என்ன? 2023 ஆகஸ்டில் சீனாவின் சிஏடிஎல் நிறுவனம், 10 நிமிட சார்ஜில் 400 கிலோமீட்டர் ஓட வைக்கும் பேட்டரி என்று ஒன்றை அறிவித்தது. 2025 மார்ச்சில் சீனாவின் பிஒய்டி நிறுவனம், ஒரு மெகாவாட் சார்ஜரில் 5 நிமிடத்தில் 400 கிலோமீட்டர் என்றது. இரண்டும் நிறுவனங்களே சீன அளவுகோலில் சொன்ன கணக்கு, சாலையில் குறையும். கிராஃபைட், திரவம், குளிரூட்டல் எல்லாவற்றிலும் செய்த வேலையும் இதில் சேர்ந்திருக்கிறது. அதெல்லாம் இருக்கட்டும். இரண்டும் இரும்பு பாஸ்பேட். குறைந்த சக்திக்கு ஆகும் என்று அறிமுகமான அதே பொருள்.

யாருடைய லாபம்?

அறிவு ஒரு இடத்தில் பிறந்து, காசு இன்னொரு இடத்தில் சேர்ந்த கதையும் இதில் உண்டு. எம்ஐடி பேராசிரியர் யெட்-மிங் சியாங் முதலானோர் 2001-இல் தொடங்கிய ஏ123 சிஸ்டம்ஸ், நானோ இரும்பு பாஸ்பேட்டைத் துளையிடும் கருவிகளிலும் கார்களிலும் ஏற்றிக் காட்டியது. அமெரிக்க அரசு 2009-இல் 24.9 கோடி டாலர் மானியமும் கொடுத்தது. எதிர்பார்த்த கார்ச் சந்தை வரவில்லை. பழுதான செல்களைத் திரும்பப் பெற்று மாற்றிக் கொடுத்த செலவு வேறு. 2012 அக்டோபரில் திவாலானது. மறு ஆண்டே சீனாவின் வான்சியாங் வாங்கிக்கொண்டது.

சீனாவில் காரியம் வேறு மாதிரி நடந்தது. முதலில் மானியத்தோடு ஓடிய நகரப் பேருந்துகள், இரும்பு பாஸ்பேட்டுக்கு நிலையான வாடிக்கையாளர் ஆயின. நடுவில் சில ஆண்டுகள் அதிகத் தூரம் ஓடும் கார்களுக்கே மானியம் என்றானபோது நிக்கல் ஆக்சைடு வகை முன்னுக்கு வந்தது. 2019-இல் மானியத்தை வெட்டியதும் எல்லோரும் விலையைப் பார்க்கத் தொடங்கினார்கள், இரும்பு திரும்பியது. 2020 மார்ச்சில் பிஒய்டி தன் பிளேடு பேட்டரியைக் காட்டியது. ஒவ்வொரு செல்லும் கிட்டத்தட்ட ஒரு மீட்டர் நீளம், ஒன்றரை சென்டிமீட்டருக்கும் குறைந்த தடிமன். இவற்றை நெருக்கி அடுக்கினால் செல்களே பெட்டிக்குச் சட்டமாகிவிடும், நடுவில் தனித்தனி உறைகள் வேண்டாம். எடைக்கு எடை பார்த்தால் இரும்பு வகை கிலோவுக்கு 160 முதல் 200 வாட்-மணி, நிக்கல் வகை 250-க்கு மேல். அந்தப் பள்ளத்தில் ஒரு பகுதியைப் பெட்டியின் அமைப்பை மாற்றியே அடைத்துவிட்டார்கள். அதே ஆண்டில் டெஸ்லாவும் ஷாங்காயில் செய்யும் கார்களில் இதை ஏற்றியது. 2021-இல் சீனச் சந்தையில் இரும்பு வகை, நிக்கல் வகையை முந்தியது.

பேட்டரித் தொகுப்பின் உலகச் சராசரி விலை 2010-இல் கிலோவாட்-மணிக்கு 1,000 டாலருக்கு மேல் இருந்தது. 2024-இல் புளூம்பெர்க் நிறுவனக் கணக்குப்படி 115 டாலர். இந்த இறக்கத்தின் பிந்திய பகுதிக்கு இரும்பு ஒரு முக்கியக் காரணம். ஆனியிலும் ஆடியிலும் ஆரல்வாய்மொழிக் காற்றாலைகள் பொழியும் மின்சாரத்தையும், நடுப்பகலில் கமுதி சோலார் பண்ணை தரும் மின்சாரத்தையும் ராத்திரிக்கு எடுத்துவைப்பதைப் பற்றி நாம் இன்று பேசவாவது முடிகிறதென்றால் இந்த விலையால்தான். தினம் ஒரு முறை ஏற்றி இறக்கினாலும் பத்தாண்டு தாங்கும் செல்கள் இந்த வகையில் சாதாரணம்.

2025 ஜூலையில் சீன அரசு, இந்தப் பொடியைச் செய்யும் தொழில்நுட்பத்தை அனுமதியில்லாமல் வெளிநாட்டுக்குக் கொடுக்கக் கூடாது என்று கட்டுப்பாடு போட்டது. சேர்மானம் என்ன என்பது கல்லூரி மாணவருக்கும் தெரியும். டன் கணக்கில், ஒவ்வொரு மூட்டையும் ஒரே தரத்தில், மலிவாகச் செய்வது எப்படி என்பதுதான் பூட்டிவைக்கும் அளவுக்கு மதிப்புள்ளது. நம் பக்கத்தில் இதைப் பழக இடம் இல்லாமல் இல்லை. அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுக்க, 1948-இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 1953-இல் திறக்கப்பட்ட காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம் லித்தியம் செல் செய்து பார்க்கும் கூடமும் வைத்திருக்கிறது. ஆய்வுக்கூடத்துக்கும் ஆலைக்கும் நடுவில் உள்ள தூரத்தைக் கடப்பதுதான் பாக்கி.

வாங்குகிறவருக்கு

தம்பியின் அடுத்த கேள்வி தொழில் சார்ந்தது. "கஸ்டமர் வீட்டுல பேட்டரி 40 சதவீதம் காட்டிட்டு இருக்கும், திடீர்னு ஆஃப் ஆயிடுது. கம்ப்ளெயின்ட் நம்ம மேல வருது சார்."

அது பெரும்பாலும் பேட்டரியின் பழுது இல்லை, இரும்பு பாஸ்பேட்டின் குணம். மற்ற வகைகளில் மின்னூட்டம் இறங்க இறங்க வோல்ட்டும் சீராக இறங்கும், அதைப் பார்த்தே மீதியைச் சொல்லலாம். இரும்பு பாஸ்பேட்டில் 80 சதவீதத்திலும் 30 சதவீதத்திலும் செல் கிட்டத்தட்ட ஒரே 3.2, 3.3 வோல்ட் காட்டும். உள்ளே லித்தியம் நிறைந்த நிலை, காலியான நிலை என இரண்டே உண்டு. அவற்றின் விகிதம்தான் மாறும், மின்னழுத்தம் மாறாது. அதனால் பேட்டரியின் மேலாண்மைப் பலகை, உள்ளே போன வந்த மின்னோட்டத்தைக் கூட்டிக் கழித்துத்தான் சதவீதம் சொல்கிறது. சின்னச் சின்னப் பிழைகள் சேர்ந்துகொண்டே போகும். முழுதாக நிரம்பும்போதுதான் வோல்ட் சட்டென்று ஏறும். பலகை தன் கணக்கைத் திருத்திக்கொள்வது அப்போதுதான். வாரம் ஒரு முறையாவது 100 சதவீதம் ஏற்றுங்கள் என்று டெஸ்லாவே தன் இரும்பு வகைக் கார்களுக்குச் சொல்வது இதனால்தான். நிக்கல் வகைக்குச் சொல்லும் "80-க்கு மேல் ஏற்றாதே" என்ற அறிவுரையை இதற்கு அப்படியே பொருத்தக் கூடாது.

பெட்டிக்குள் எந்த வகை இருக்கிறது என்று கண்டுபிடிக்கவும் அந்த 3.2 உதவும். தாளில் 12.8, 25.6, 51.2 வோல்ட் என்று 3.2-இன் மடங்குகள் இருந்தால் அது இரும்பு. 3.6 அல்லது 3.7-இன் மடங்குகள் என்றால் பெரும்பாலும் நிக்கல்.

தீப்பிடிக்காது என்று கடைக்காரர் சொல்வதை முழுசாக நம்ப வேண்டாம். பொடி ஆக்சிஜன் தராது என்பது நிஜம், அதனால் ஆபத்து வெகுவாகக் குறைகிறது. ஆனால் திரவம் அதே தீப்பற்றும் திரவம்தான். செல் கெட்டுச் சூடானால் ஹைட்ரஜன் உள்ளிட்ட வாயுக்கள் வெளியேறும். மூடிய அறையில் அவை தேங்கினால் வெடிக்கும். 2021 ஏப்ரலில் பெய்ஜிங்கில் இரும்பு பாஸ்பேட் சேமிப்பு நிலையம் ஒன்று வெடித்து இரண்டு தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். நம் நாட்டில் 2022-இல் மின்சார ஸ்கூட்டர்கள் அடுத்தடுத்து எரிந்தபின் அரசு பேட்டரி விதிகளை இறுக்கியது. விதிப்படி சோதித்த பெட்டியா, காற்றோட்டமான இடமா, அந்தப் பெட்டிக்கென்று கொடுத்த சார்ஜரா என்று பார்ப்பது எந்த வகைக்கும் பொருந்தும். சமையல் எரிவாயுவுக்குப் பக்கத்தில் வைப்பதும், படுக்கையறை அலமாரிக்குள் பூட்டுவதும் வேண்டாம்.

அடுத்து சோடியம்?

இரும்புக்கும் கணக்குத் தீர்க்க வேண்டிய இடங்கள் உண்டு. பாஸ்பேட்டில் உரமும் பங்கு கேட்கிறது. கோபால்ட், நிக்கல் இல்லாததால் பழைய பேட்டரியைப் பிரிப்பவருக்கு லாபம் சொற்பம். 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு விதிகள் அந்தப் பொறுப்பைத் தயாரிப்பாளர் தலையில் வைத்திருக்கின்றன, நடைமுறையில் பார்க்க வேண்டும். லித்தியமும் பெரும்பாலும் இறக்குமதிதான். 2023 பிப்ரவரியில் ஜம்முவின் ரியாசியில் 59 லட்சம் டன் கனிமம் இருப்பதாக அறிவித்தது ஆரம்பக்கட்ட மதிப்பீடு. சுரங்கம் வெட்டி எடுப்பது தனிக் கதை.

எனவே சோடியத்தின் மேல் எல்லோர் கண்ணும் விழுந்திருக்கிறது. கடல் உள்ள ஊரெல்லாம் சோடியம் இருக்கிறது. சோடியம் செல்லில் எதிர்முனைக்கும் செம்புக்குப் பதிலாக அலுமினியத் தாளே போதும், அதில் செலவு குறையும். சோடியம் அயனி கிராஃபைட் அடுக்குகளுக்குள் சரியாக நுழையாது என்பதால் ஒழுங்கற்ற அடுக்குள்ள கடினக் கரியைப் பயன்படுத்துகிறார்கள். சிஏடிஎல் 2021-இல் தன் முதல் சோடியம் செல்லை அறிவித்தது. பிரிட்டனின் ஃபாரடியான் நிறுவனத்தை ரிலையன்ஸ் வாங்கியது. எடைக்கு எடை இரும்பு வகையை இப்போதுதான் நெருங்குகிறது. அதற்குள் இரும்பு வகையின் விலை அடிமட்டத்துக்கு வந்துவிட்டதால் சோடியத்துக்குப் போட்டி கடுமை.

நாளைக்கே பத்திரிகையில் "பேட்டரியில் புரட்சி" என்று செய்தி வரும். வாராவாரம் வருகிறது. அதைப் படிக்கும்போது மூன்று கேள்வி கேட்டுப் பாருங்கள். மூலப்பொருள் எங்கும் கிடைக்கிறதா? எத்தனை ஆயிரம் முறை ஏற்றி இறக்கிப் பார்த்திருக்கிறார்கள்? செய்து காட்டியது கிராமிலா, டன்னிலா? முதல் இரண்டுக்கும் பதில் நன்றாக இருந்தால் அது நல்ல ஆராய்ச்சி. மூன்றாவதுக்கும் பதில் இருந்தால்தான் அது நம் வீட்டுக்கு வரும். இரும்பு பாஸ்பேட்டுக்கு முதல் கேள்வியின் பதில் 1997-லேயே இருந்தது. மூன்றாவதற்குப் பதில் சொல்ல இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. அந்த இருபது ஆண்டும் பொடி அரைத்தவர்களுக்குத்தான் இன்று சந்தை.